காடு திருத்தினால் போவது எவ்வளவு? உயிர்த்திரள் இழப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்த்திரள் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஓரிடத்தில் உயிரோடு இருக்கும் எல்லாவற்றின் மொத்த எடைதான் உயிர்த்திரள். பயோமாஸ் என்றும் சொல்வார்கள். விலங்கு, பூச்சி, நுண்ணுயிர் எல்லாமே கணக்கில் சேரும். ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை எடையில் பெரும்பகுதி செடி, கொடி, மரங்களுடையது. பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்பதால், ஈரத்தை நீக்கிய உலர் எடையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த உலர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 47 சதவீதம், கார்பன். பட்ட மரம், விழுந்த கட்டை, சருகு ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. நிலத்தைத் திருத்தும்போது அவையும் கூடவே போய்விடும்.

ஒரு ஹெக்டேர் காட்டை அழித்தால் எவ்வளவு போகும்?

எந்தக் காடு என்பதைப் பொறுத்தது. நாடுகளின் கணக்கெடுப்புக்காக ஐபிசிசி என்ற பன்னாட்டுக் காலநிலைக் குழு 2006-ல் சில பொது எண்களைத் தந்தது. அதன்படி வெப்பமண்டல மழைக்காட்டில் தரைக்கு மேலே ஹெக்டேருக்குச் சுமார் 300 டன் உயிர்த்திரள் இருக்கும். வேர்களின் எடை அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 400 டன்னைத் தாண்டும். அதில் கார்பன் 190 டன் சொச்சம். கார்பன் எரியும்போதும் மட்கும்போதும் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடிவிடும். 190 டன் கார்பன் முழுவதும் காற்றில் கலந்தால் அது கிட்டத்தட்ட 700 டன் கார்பன் டை ஆக்சைடு.

காடு நின்ற இடத்தில் ஒரு பருவப் பயிரை வைத்தால் அதிலுள்ள கார்பன் 5 டன் அளவுதான். அதுவும் அறுவடை வரைக்கும்.

"இத்தனை லட்சம் ஹெக்டேர் அழிந்தது" என்று மட்டும் செய்தி வந்தால் அது எனக்குப் பாதிச் செய்தியாகவே படும். ஒரு ஹெக்டேர் புதர்க்காடும், வெட்டுப்படாமல் நெடுங்காலம் வளர்ந்த முதுகாடு ஒரு ஹெக்டேரும் பரப்பில் சமம்தான். எடையிலும், திரும்பி வளர எடுக்கும் காலத்திலும் இரண்டுக்கும் ஒப்பே கிடையாது.

மரத்தை வெட்டாமல் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு காலத்தில் வெட்டித்தான் கண்டுபிடித்தார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி, துண்டு போட்டு, உலர்த்தி, எடை போட்டார்கள். அந்தத் தரவிலிருந்து சமன்பாடுகள் பிறந்தன. வெப்பமண்டல மரங்களுக்கு இப்போது பரவலாகப் பயன்படும் சமன்பாடு 2014-ல் வெளிவந்தது. அதற்கு மூன்று விவரம் போதும்: நெஞ்சளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், தண்டின் விட்டம், மரத்தின் உயரம், கட்டையின் அடர்த்தி.

போட்டுப் பார்ப்போம். விட்டம் 30 செ.மீ., உயரம் 20 மீட்டர், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம் என்றால் தரைக்கு மேலே உலர் எடை சுமார் 580 கிலோ வருகிறது. விட்டம் 60 செ.மீ., உயரம் 30 மீட்டர், அடர்த்தி அதேதான் என்றால் 3,300 கிலோ. விட்டம் இரண்டு மடங்கு, எடையோ ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. உலகின் பல பகுதிகளில் உள்ள காட்டு ஆய்வுத்திடல்களை ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வில், மிகப் பெரிய 1 சதவீத மரங்களே தரைக்கு மேலுள்ள உயிர்த்திரளில் ஏறக்குறைய பாதியை வைத்திருப்பது தெரிந்தது. "நாலு பெரிய மரத்தைத்தான் எடுத்தோம், காடு அப்படியே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

பெரும் பரப்புக்கு ஒவ்வொரு மரமாக அளந்துகொண்டிருக்க முடியாது. அங்கே செயற்கைக்கோள் வருகிறது. 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கெடி என்ற நாசா கருவி, லேசர் கதிர்களை இறக்கி மரங்களின் உயரத்தையும் இலையடுக்குகளையும் அளக்கிறது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய செயற்கைக்கோளின் பெயரே பயோமாஸ். குறுகிய அலைநீள ரேடார் இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். பயோமாஸின் ரேடார் அலை சுமார் 70 செ.மீ. நீளம் என்பதால் இலைகளைத் தாண்டித் தண்டு, பெருங்கிளை வரை போய் வருகிறது. எடை இருப்பது அங்கேதானே.

உலக அளவில் இதுவரை எவ்வளவு போயிருக்கிறது?

இன்று உலகத் தாவரங்களில் உள்ள கார்பன் சுமார் 45,000 கோடி டன். மனிதர் நிலத்தைத் தொடாமலே இருந்திருந்தால் அது 91,600 கோடி டன் இருந்திருக்கும் என்று 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு கணித்தது. பாதிக்கும் மேல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இன்னொன்று. இந்த இழப்பில் காட்டை முழுதாக அழித்ததன் பங்கு பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். மீதி, காடு காடாகவும் புல்வெளி புல்வெளியாகவும் நிற்கும்போதே மேய்ச்சலாலும் மரம் எடுப்பதாலும் மெலிந்துபோனது. அது எந்தக் காடழிப்புப் பட்டியலிலும் ஏறாது.

பரப்புக் கணக்கும் வேண்டுமென்றால்: 1990-க்குப் பிறகு 42 கோடி ஹெக்டேர் காடு வேறு பயன்பாட்டுக்கு மாறியதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2020-ல் சொன்னது.

வெட்டியதும் அவ்வளவு கார்பனும் உடனே காற்றில் போய்விடுமா?

போகாது. தீ வைத்தாலும் முதல் தீயில் ஏறக்குறைய பாதிதான் எரியும். இலையும் சுள்ளியும் பொசுங்கிவிடும், பெருங்கட்டைகள் கருகிப்போய்க் கிடக்கும். அவற்றைக் கூட்டி மறுபடி எரிப்பார்கள், அல்லது கறையானும் பூஞ்சையும் பல ஆண்டுகளில் தின்று தீர்க்கும். வேர்கள் மண்ணுக்குள் மெல்ல மட்கும். கொஞ்சம் கரியாகி மண்ணில் தங்கும், அந்தக் கரி நீண்ட காலம் அழியாது.

இதனால் ஒரு குழப்பம் வரும். இந்த ஆண்டு காடழிப்பு நின்றுவிட்டாலும், போன ஆண்டுகளில் வெட்டியவற்றின் வேரும் கட்டையும் இன்னும் மட்கிக்கொண்டே இருக்கும். கணக்கில் உமிழ்வு உடனே பூஜ்யத்துக்கு இறங்காது.

எரிப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. சரியாக எரியாமல் புகையும் குவியலிலிருந்து மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, நுண்துகள் எல்லாம் வரும். 100 ஆண்டுக் கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடைப்போலச் சுமார் 270 மடங்கு சூடேற்றும். அளவு சொற்பம்தான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

மரத்தை மேசை, கதவாகச் செய்துவிட்டால் கார்பன் பத்திரமாக இருக்குமே?

மேசைக்குள் போனது பத்திரம்தான். எவ்வளவு போகிறது என்பதுதான் கேள்வி. கிளை, இலை, வேர், அடிக்கட்டை எல்லாம் காட்டிலேயே கிடக்கும். மரவாடியில் அறுக்கும்போது தூளும் சிராயும் ஒதுங்கும். பல இடங்களில் நிலத்தைத் திருத்துபவருக்கு நிலம்தான் வேண்டும், மரம் தொல்லை. விலைபோகும் சில மரங்களை எடுத்துவிட்டு மிச்சத்துக்குத் தீ வைத்துவிடுவார்கள். காகிதமாகவோ விறகாகவோ போனால் சில ஆண்டுகள்கூடத் தாங்காது.

மண்ணில் இருக்கும் கார்பன் தப்பித்துவிடுமா?

அதுவும் குறையும். காட்டு மண்ணை உழுது பயிர் வைத்தால், மண்ணின் கரிமப் பொருளில் பெரும்பாலும் கால் பங்கு முதல் பாதி வரை போய்விடும். முதல் சில ஆண்டுகளில்தான் வீழ்ச்சி வேகம் அதிகம். மேலே சருகு விழுவது நின்றுவிடுகிறது. வெயில் நேரடியாகப் பட்டு மண் சூடாகிறது. உழவு மண்கட்டிகளை உடைப்பதால், உள்ளே பாதுகாப்பாக இருந்த மட்கு நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. அப்புறம் மழை வந்து மேல்மண்ணையே கொண்டுபோகும். மட்கு குறைந்த மண் நீரையும் குறைவாகவே பிடித்துவைக்கும்.

எரித்த நிலத்தில் முதல் விளைச்சல் அமோகமாக வருகிறதே, எப்படி?

சாம்பல்தான் காரணம். மரங்கள் பல காலம் சேர்த்துவைத்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பரஸ் ஒரே நாளில் மண்ணின்மேல் வந்து விழுகின்றன. அமில மண்ணின் புளிப்பும் குறைகிறது. ஆனால் நைட்ரஜனிலும் கந்தகத்திலும் பெரும்பகுதி புகையோடு போய்விட்டது. சாம்பலில் மிஞ்சியதும் மழையில் கரைந்து இறங்கும். வளம் குறைந்த வெப்பமண்டல மண்ணில் இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சல் படுத்துவிடும்.

காட்டெரிப்பு வேளாண்மை செய்த மக்களுக்கு இது தெரியாததல்ல. இரண்டொரு ஆண்டு பயிரிட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு, காடு வளர்ந்தபின் திரும்பி வருவார்கள். ஓய்வுக்காலம் நீண்டதாக இருக்கும்வரை அது ஓடக்கூடிய முறைதான். ஒரேயடியாக நிலத்தை மாற்றுவதையும் இதையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவது நியாயமில்லை. 2001 முதல் 2015 வரை உலகில் மரப்போர்வை போனதற்கான காரணங்களைப் பிரித்தபோது, விளைபொருள், கனிமம் போன்ற விற்பனைச் சரக்குகளுக்காக நிரந்தரமாக மாற்றப்பட்டது 27 சதவீதம், இடம்மாறும் வேளாண்மை 24 சதவீதம் என்று வந்தது. மிச்சம் பெரும்பாலும் மரத்தொழிலும் காட்டுத்தீயும்.

மரம் போனால் தண்ணீர் குறையும் என்கிறார்கள், கூடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும்.

ஓடையில் ஓடும் நீர் முதலில் கூடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக்காட்டில், 1965-66 குளிர்காலத்தில் ஒரு நீர்ப்பிடிப்பின் மரங்கள் முழுவதையும் வெட்டி அங்கேயே போட்டு, மறுவளர்ச்சியைக் களைக்கொல்லியால் தடுத்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே ஓடைநீர் ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. நீரை உறிஞ்சி இலைவழியே வெளியேற்ற மரம் இல்லை அல்லவா? கூடவே ஓடையில் நைட்ரேட் 40 மடங்குக்கு மேல் ஏறியது. மண்ணின் உரம்தான் அப்படி ஓடையில் கரைந்து போனது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கதை வேறு. ஆழ வேர்விட்ட மரங்களும் புதர்களும் பெய்த மழையை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்த நிலம் அது. அவற்றை அகற்றிக் கோதுமை போட்டதும் மழைநீர் கீழே இறங்கி நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது, ஆழத்தில் கிடந்த உப்பும் கரைந்து மேலே வந்தது. நீராவி ரயில் எஞ்சின்களுக்கு எடுத்த நீர் உப்பாகி வருவதைக் கவனித்த டபிள்யூ. இ. வுட் என்ற ரயில்வே பொறியாளர், செடிகொடிகளை அழித்ததே காரணம் என்று 1924-லேயே எழுதினார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நிலம் திருத்துவது தொடர்ந்தது. இன்று அங்கே பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் உவர் பாதிப்பு.

மழையைப் பற்றிக் கேட்டால், பெருங்காடுகள் தாங்கள் வாங்கிய மழையில் ஒரு பகுதியை ஆவியாகத் திருப்பி அனுப்புகின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் அமேசான் காட்டின்மேல் பெய்து, ஆவியாகி, மேற்கே நகர்ந்து மறுபடி பெய்கிறது. அங்கே மரம் குறைந்தால் காற்று வீசும் திசையில் வெகுதூரம் தள்ளியிருக்கும் வயலுக்கும் மழை குறையும்.

காட்டை அழித்தால் எல்லா இடத்திலும் சூடு கூடுமா?

உள்ளூர் வெப்பத்தைக் கேட்டால், இல்லை. வெப்பமண்டலத்தில் மரங்களின் நீராவிதான் இடத்தைக் குளிர்விக்கிறது, அது போனால் சூடு தெளிவாகவே கூடும். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் பனிக்காலத்தில் கரும்பச்சை மரங்கள் வெயிலை வாங்கிக்கொள்ளும். அவற்றை அகற்றினால் திறந்த பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், அந்த இடம் குளிரும். வெளியேறும் கார்பன் மட்டும் எங்கே வெட்டினாலும் உலகம் முழுமைக்கும் பொது.

பாதிக் காட்டை மட்டும் அழித்து மீதியை விட்டுவைத்தால்?

விட்டுவைத்ததும் மெலியும். பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வு இதற்காகவே காட்டுத்துண்டுகளைக் கவனித்துவந்தது. துண்டின் ஓரத்திலிருந்து 100 மீட்டருக்குள், 10 முதல் 17 ஆண்டுகளில், தரைக்கு மேலுள்ள உயிர்த்திரளில் 36 சதவீதம் வரை குறைந்தது. யாரும் வெட்டவில்லை. காற்றும் வறட்சியும் ஓரத்துப் பெருமரங்களைச் சாய்த்தன. அவற்றின் இடத்தில் கொடிகளும் லேசான கட்டை கொண்ட மரங்களும் வந்தன.

ஆகவே விட்டுவைப்பதாக இருந்தால், பத்துத் துண்டாக விடுவதைவிட ஒரே பெரிய துண்டாக விடுவது மேல். சாலை போடுவது குறைந்த பரப்பை அழித்தாலும் நெடுக ஓரத்தை உண்டாக்கிவிடுகிறது.

எந்த நிலத்தைத் தொடவே கூடாது?

சதுப்பு நிலக் காடுகளை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பீட் எனப்படும், மட்காத தாவரக் கழிவு மீட்டர் கணக்கில் படிந்த நிலத்தில், நிற்கும் மரத்தைவிடப் பன்மடங்கு கார்பன் அடியில் இருக்கிறது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் பீட் நிலம், மண்ணிலுள்ள கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கே. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது மட்கத் தொடங்கும். வறண்டால் எரியும்.

இந்தோனேசியாவில் 1990-களின் நடுவில், மத்திய காலிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டம் தொடங்கியது. நெல் தேறவில்லை. 1997-ல் பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நீனோவால் வறட்சி வந்தபோது வடித்த நிலம் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் பீட், காட்டுத்தீயில் வெளியேறிய கார்பன், உலகம் ஓராண்டில் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவின் உமிழ்வில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். வீச்சு அகலம்தான். குறைந்த எண்ணை எடுத்தாலும் தலைசுற்றுகிறது.

அலையாத்திக் காடுகளும் இந்த வகையே. இந்தோ-பசிபிக் கரைகளில் அளந்தபோது சராசரியாக ஹெக்டேருக்கு 1,000 டன் கார்பன் வந்தது, பெரும்பகுதி சேற்றுக்குள்.

வெறும் புல்லும் புதரும்தானே, அதைத் திருத்தினால் என்ன?

மேலே பார்த்து எடைபோடக் கூடாது. பிரேசிலின் செராடோ புல்வெளிகளில் பல இடங்களில் தரைக்கு மேல் இருப்பதைவிட வேர்களில் உயிர்த்திரள் அதிகம். தீயிலும் வறட்சியிலும் பிழைக்க அந்தச் செடிகள் சேமிப்பைக் கீழே வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை ஆழ உழுதால் அந்த வேர்க்கட்டைகள் திரும்பி வருவது அரிது. "தரிசு" என்று முத்திரை குத்திய நிலங்களில் இப்படிப்பட்டவை நிறைய. மரம் நடுகிறேன் என்று அங்கே போய்க் குழி தோண்டுபவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

திரும்ப நட்டால் சரியாகிவிடாதா?

தானாக வளரவிட்டாலே நன்றாக வளரும், காலம்தான் எடுக்கும். லத்தீன் அமெரிக்காவின் மறுவளர்ச்சிக் காடுகளை ஆராய்ந்ததில், 20 ஆண்டுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 122 டன் உயிர்த்திரள் சேர்ந்திருந்தது. முதுகாட்டின் அளவில் 90 சதவீதத்தை எட்டச் சராசரியாக 66 ஆண்டு. முழுதாக எட்ட 120 ஆண்டுக்கும் மேல் ஆகும் என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. மண் வளம் பெரும்பாலும் பத்தாண்டுக்குள் தேறிவிடுகிறது, அது நல்ல செய்தி. மறுவளர்ச்சிக் காடுகளைப் பத்துப் பதினைந்து ஆண்டில் மறுபடி வெட்டிவிடுவதுதான் நடைமுறைச் சிக்கல்.

ஒரே வகை மரத்தோப்பு போட்டு ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை அறுப்பதும் "காட்டுப் பரப்பு" எண்ணில் ஏறிவிடும். அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டர் உயரம் வளரக்கூடிய மரம், 10 சதவீத மரப்போர்வை இருந்தால் உணவு வேளாண்மை அமைப்பின் வரையறையில் காடுதான். ரப்பர் தோட்டம் அதில் சேரும், எண்ணெய்ப்பனை சேராது. ஆகவே ஒரு நாட்டின் காட்டுப் பரப்பு கூடியது என்று படித்தால், இயற்கைக் காடு எவ்வளவு போய் தோப்பு எவ்வளவு வந்தது என்று பிரித்துக் கேளுங்கள்.

இதை நிறுத்திக்காட்டியவர்கள் உண்டா?

உண்டு. பிரேசில் அமேசானில் 2004-ல் ஓராண்டில் 27,772 சதுர கி.மீ. அழிந்தது. 2012-ல் அது 4,571. செயற்கைக்கோள் எச்சரிக்கையை வைத்து உடனுக்குடன் ஆய்வாளர்களை அனுப்பினார்கள், பாதுகாக்கப்பட்ட பகுதிகளை விரித்தார்கள், விதிமீறும் பண்ணைகளுக்குக் கடனை நிறுத்தினார்கள், புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று வணிகர்கள் 2006-ல் ஒப்புக்கொண்டார்கள். பிடி தளர்ந்ததும் 2021-ல் மறுபடி 13,000-ஐத் தாண்டியது, பிறகு மீண்டும் இறங்கியது.

நிலத்தைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால் இழப்பைக் குறைக்க வழி?

முதலில், பெரிய மரங்களை அடையாளம் போட்டு விட்டுவையுங்கள். எடை அங்கேதான். ஓடைக்கரையையும் சரிவான பகுதியையும் தொடாதீர்கள். பெருமழைக்கு முன்னால் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துபோடாமல் பகுதி பகுதியாகச் செய்யலாம். கிளை, சருகை எரிக்காமல் பொடித்து மூடாக்காகப் பரப்பலாம், அல்லது சரிவுக்குக் குறுக்கே வரப்புபோல அடுக்கலாம்.

இயந்திரம் பற்றி ஒரு எச்சரிக்கை. பெருவின் யூரிமாகுவாஸில் 1970-களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, புல்டோசரால் சுத்தப்படுத்திய நிலத்தைவிட வெட்டி எரித்த நிலம் நல்ல விளைச்சல் தந்தது. புல்டோசர் மண்ணை இறுக்கியது, மட்கு நிறைந்த மேல்மண்ணையும் மரத்தோடு சேர்த்து ஓரத்தில் தள்ளியது, சாம்பலின் உரமும் கிடைக்கவில்லை. இயந்திரம் தவிர்க்க முடியாது என்றால் தட்டையான தகட்டுக்குப் பதிலாகப் பல் வைத்த வாரியை மாட்டச் சொல்லுங்கள், மண் இடுக்கு வழியே கீழே நின்றுவிடும். ஈரமாக இருக்கும்போது இறக்கவே வேண்டாம்.